பெரட்டுக்கு வராத பதினைந்து பேர்

தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார் தயாநிதி. பிடிக்காமல் இல்லை. அவர் எந்தக் கோப்பையையும் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் காடிச் சாவி, அதாவது கார்ச் சாவி, சுழல ஆரம்பித்துவிட்டது. அது சுழன்றால், கூட வந்தவர் மிச்ச ரொட்டி சானாயை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பின்னால் ஓட வேண்டியதுதான். "போலாம்ணே, போற வழியில பேசிக்கலாம்லா" என்பார். போகிற வழியிலும் எதையும் பேசி முடிக்க மாட்டார்.

வயது நாற்பத்து நான்கு. சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. வீட்டில் இருப்பாரா என்று அவர் மனைவி மேனகாவைக் கேட்டால் சிரிப்பார். வடக்கே ஜித்ராவில் ஓர் அரிசி ஆலை, கடலோரம் கோத்தா கோலா மூடாவில் ஒரு மீன் கிடங்கு, நடுவில் இரண்டு கிளினிக்குகள், தெற்கே கரங்கானைத் தாண்டி ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. இந்த இடங்களின் பின்னறைகளில் ஏர்கோன் குளிரில் இரைந்துகொண்டிருக்கும் சர்வர்களுக்கு அவர்தான் வைத்தியர். அலுவலகத்தில் உள்ள அத்தனை கணினிகளும் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பெரிய கணினிதான் சர்வர். அது படுத்தால் அலுவலகமே படுத்துவிடும். தயாநிதியின் இரண்டு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறும். ஜித்ராவில் நின்றுகொண்டு கரங்கானுக்கு "இதோ வந்துட்டேன்" என்று சொல்லக்கூடியவர் அவர்.

வேலைக்குப் போன இடத்தில் உட்கார மாட்டார். நாற்காலி போட்டால் அதன்மேல் பையை வைப்பார். "உக்காந்தா வேல ஒட்டிக்கும்ணே" என்பது அவர் சொல்லும் காரணம். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் நின்றே வேலை பார்த்த உடம்பு அது. நிற்கும்போதும் இடது கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிற நமக்கு ஏதோ பஸ் போய்விடப் போகிறது என்ற பதற்றம் தொற்றிக்கொள்ளும்.

எனக்கு அவர் பழக்கமானது என் மடிக்கணினி செத்த அன்று. பத்து நிமிடத்தில் உயிர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடியில் போட வேண்டிய கடைசி இரண்டு திருகாணிகளைப் போடவில்லை. அவை இன்றும் என் பேனா டப்பாவில் இருக்கின்றன. கெட்டிக்காரர், ஆனால் கடைசி இரண்டு திருகாணிக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிற கெட்டிக்காரர் என்று அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையையும் அவரைக் கொஞ்சம் கிண்டலடித்து எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

தன் மறதி அவருக்கும் தெரியும். அதற்கு அவரே கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு. அவர் பார்க்கிற ஒவ்வொரு சர்வரின் மூடிக்கு உட்புறத்திலும் பள்ளி நோட்டுத் தாள் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார். எதை மாற்றினாலும் தேதி போட்டு அதில் எழுதுவார். தமிழில்தான் எழுதுவார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்த, குண்டு குண்டான எழுத்து. ஏன் தமிழில் என்று கேட்டேன். "வேற ஆள் வந்து தொறந்தா ஒண்ணும் புரியக்கூடாதுண்ணே. திரும்ப என்னத்தான் கூப்பிடணும்" என்று கண்ணடித்தார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கரங்கான் ஆலைக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். கூலிம் தாண்டும் வரைக்கும் ஆலையின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகள் முதலில் எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு முறை நிற்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு லோரிக்கு மூன்று நிமிடம் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் தலைமை அலுவலகம் புதிய மென்பொருள் ஒன்றைப் போட்டது. அது லோரியின் எண்ணைப் படமெடுக்கிறது, பழத்தைப் படமெடுக்கிறது, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அன்றிலிருந்து ஒரு லோரிக்குப் பதினோரு நிமிடம் ஆகிறது. மென்பொருள் விற்றவர்களைக் கேட்டால், சர்வருக்கு வலு இல்லை, வேறு வாங்குங்கள் என்கிறார்கள்.

இந்த இடத்தில் தயாநிதிக்கு மூக்கு விடைத்துவிட்டது. "நான் கட்டின மிஷின்ணே. ரெண்டு புராசசர். ஒண்ணொண்ணுலயும் எட்டு பேரு. மொத்தம் பதினாறு ஆளு வேல செய்ற எடம். இதப் போயி வீக்குங்கறான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். புராசசர் என்றால் கணக்குப் போடும் மூளை என்று எனக்குத் தெரியும். ஒரு மூளைக்குள் எட்டுப் பேர் எப்படி என்று கேட்டேன். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டை எடுத்துக்கொண்டார். சர்வர் விழித்ததும் அதன் இயங்குதளம் பெரட்டு எடுக்குமாம். உள்ளே இருக்கிற பதினாறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுமாம். ஆஜர் சொன்னவனுக்கு மட்டும்தான் வேலை கொடுக்குமாம். கணினிப் புத்தகங்கள் எனக்குப் புரியவைக்காத விஷயம் பாடாங் செராய் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது புரிந்துவிட்டது. அவருடைய அம்மா இந்த ஆலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பெரட்டுக்குப் போனவர்.

ஆலை வாசலில் லோரிகள் பெரிய சாலை வரைக்கும் நின்றன. புளித்த எண்ணெய் வாடையும் நீராவியும் காற்றில் நின்றன. ஓட்டுநர்கள் கீழே இறங்கி, உதிர்ந்து சிதறும் பழத்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திட்டுவது எடைமேடைக் கூண்டுக்குள் இருந்த பிரேமாவதியை. பதினோரு வருடமாக அங்கே எடைக் கணக்கு எழுதும் கிராணி. ஒரு விசையைத் தட்டுவார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார், திரையைப் பார்த்தபடி இருப்பார். நான் பார்த்த நேரத்தில் அவர் காத்திருந்ததுதான் அதிகம்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சூராட் இருந்தது, அலுவலகக் கடிதம். புதிய மென்பொருள் ஒவ்வொரு லோரிக்கும் ஆன நேரத்தைக் கிராணியின் பெயரோடு சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே இருப்பவர்களுக்குச் சர்வரும் தெரியாது, லோரியும் தெரியாது. பிரேமாவதி, பதினோரு நிமிடம் என்பது மட்டும் தெரியும். உன் வேகக் குறைவுக்கு விளக்கம் கொடு என்று கேட்டு வந்திருப்பது இது இரண்டாவது கடிதம். அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் கொடுக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் கிராணி வேலை போய், வெயிலில் பழம் தரம் பிரிக்கும் மேடைக்கு மாற்றிவிடுவார்கள். இதையெல்லாம் அவர் அழாமல், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். "மிஷின சரி பண்ணிருங்கண்ணே" என்று மட்டும் தயாநிதியிடம் கேட்டுக்கொண்டார்.

"அர மணி நேரம்மா" என்றார் தயாநிதி.

சர்வர் அறை ஓர் ஆள் புழங்கும் அகலம். ஏர்கோனிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையெல்லாம் தேங்கிக் கிடந்தது. தயாநிதி நின்றபடியே திரையைத் தட்டினார். பதினாறு பேருக்கும் ஆளுக்கு ஒரு கோடாகப் பதினாறு கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. அது உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. பதினாறு பேர் வேலையை ஒருத்தன் இழுத்துக்கொண்டிருந்தான்.

மேலாளர் என்சிக் ரஷிட்டிடம் அரை மணி நேர அனுமதி வாங்கி எடைமேடையை நிறுத்தினார். சர்வரை அணைத்து எழுப்பினார். இயங்குதளம் கண் விழிப்பதற்கு முன்னால் வரும் திரையில் இரண்டு புராசசரும் நலம் என்றே இருந்தது. அப்படியென்றால் இரும்பில் குறையில்லை. எனக்கே இவ்வளவு புரிந்தது, அவருக்குப் புரியாதா. ஆனால் ஆத்திரம் அவரை வேறு பக்கம் இழுத்தது. மென்பொருள்காரர்களைக் கைப்பேசியில் கூப்பிட்டு, என்னத்தையோ போட்டு என் மிஷினைக் கெடுத்து ரோசாக் ஆக்கிவிட்டீர்கள் என்று கத்தினார். பிறகு சர்வரை மறுபடி அணைத்துத் திருகாணிகளைக் கழற்றினார். தரை ஈரம் என்பதால் மூடியை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு புராசசர்களின் மேலும் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். ஒன்று கொதித்தது, மற்றது வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டையும் எடுத்து, பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, இடம் மாற்றிப் பொருத்தினார். கை அவ்வளவு சுத்தம். எழுப்பினார். திரையில் மறுபடியும் ஒரே கோடு.

அரை மணி முடிந்திருந்தது. வெளியே ஹோர்ன் சத்தம் விடாமல் கேட்டது. இயங்குதளம் எழும்போது படிக்கிற உத்தரவுகளில் ஏதாவது இருக்குமோ என்று எனக்குத் தெரிந்த அளவில் கேட்டு வைத்தேன். "அத நான்தாண்ணே எழுதினேன். அதுல என்னா இருக்கப் போவுது" என்று தள்ளிவிட்டார். கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சாவி சுழன்றது.

எனக்கு வேலை எதுவும் இல்லை. மார்போடு சாய்த்துப் பிடித்திருந்த மூடியைத் திருப்பினேன். அவருடைய நோட்டுத் தாள் அங்கே இருந்தது. பொழுது போக வாய்விட்டுப் படித்தேன். மேலே ஃபேன் மாற்றியது, டிஸ்க் மாற்றியது. அதெல்லாம் பழைய கதைண்ணே என்றார். நான் நிறுத்தவில்லை. அடுத்த வரிக்கு நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. "எல்லாரையும் எழுப்பினா மிஷின் ஒறஞ்சி போவுது. ஒருத்தன் மட்டும் வந்தா போதும்னு பெரட்டுல சொல்லி வச்சிருக்கேன். பழ சீசன் முடிஞ்சதும் மத்த பதினஞ்சு பேரையும் எழுப்பணும்."

சாவி நின்றது.

அதற்குக் கீழே, மூன்று வாரம் கழித்து இன்னொரு வரி. "கம்பெனிக்காரன் மருந்து அனுப்பிட்டான். போட்டாச்சு." அதோடு தாளில் எழுத்து இல்லை, வெறும் கோடுகள்தான். தயாநிதி என் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி மெதுவாகப் படித்தார்.

"போட்டாச்சுன்னு எழுதியிருக்கேன்" என்றார். "எழுப்பியாச்சுன்னு எழுதலியே."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வந்தது. சர்வர் செய்த கம்பெனி, மிஷின் உறையாமல் இருக்க அனுப்பிய திருத்தம்தான் அந்த மருந்து. அதைப் போட்ட அன்று இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. உத்தரவு வரியிலிருந்து, ஒருத்தன் போதும் என்கிற அந்தச் சொல்லை அழித்து, சர்வரை ஒரு தடவை எழுப்ப வேண்டும். எடைமேடையைப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து மீன் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டேன் என்று கிளம்பினார். அடுத்த வாரம் வந்து பார்க்கலாம் என்று நினைத்தார். பழைய மென்பொருளுக்கு ஒருத்தனே போதுமானதாக இருந்ததால் நான்கு வருடம் யாருக்கும் தெரியவில்லை. புதியது வந்து சுமை ஏறியதும் அந்த ஒருத்தன் தள்ளாடிவிட்டான். பழி பிரேமாவதி தலையில் விழுந்தது.

சொல்லை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சர்வர் எழுந்தது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு கோடுகள் முளைத்தன. தயாநிதி விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்தபோது முகத்தில் சந்தோஷம் இல்லை.

வெளியே வேறு உலகம். முதல் லோரிக்கு இரண்டரை நிமிடம், அடுத்ததற்கு அதற்கும் குறைவு. ஓட்டுநர்கள் கைகாட்டினார்கள். என்சிக் ரஷிட் ஓடி வந்து தயாநிதியின் தோளில் தட்டினார். தெரெர் என்றார். நம் ஊரில் கில்லாடி என்போமே, அது. புதுச் சர்வர் வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே எழுதுகிறேன், எங்கள் நிறுவனத்தின் மற்ற இரண்டு ஆலைகளையும் நீயே பார்த்துக்கொள் என்றார். என்ன கோளாறு என்று கேட்டார். செட்டிங்கில் ஒரு சின்ன விஷயம் என்றார் தயாநிதி. பிரேமாவதியின் கடிதம் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன். போன இரண்டு மாதக் கணக்கு ஏற்கெனவே மேலே போய்விட்டதே, மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் எழுதிக் கொடுக்கட்டும், மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள் என்றார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தயாநிதி மூடியைச் சர்வரின்மேல் வைத்தார். இரண்டு திருகாணிகளைப் போட்டார், மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "போலாம்ணே" என்றார். காடியில் ஏறி உட்கார்ந்தோம். நான் வாயைத் திறந்தால் சண்டையாகியிருக்கும், எனக்கு அவ்வளவு கோபம். அவராகவே சொன்னார். மிஷின் சரியாகிவிட்டது, இனிமேல் அந்தப் பெண்ணை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடியும் சொன்னார். யார் அவரைக் கேட்டது?

வெளியே போகும் வழி எடைமேடைக் கூண்டை ஒட்டித்தான் போகிறது. முன்னால் ஒரு லோரி நின்றதால் நாங்களும் நிற்க வேண்டியிருந்தது. கூண்டுக் கண்ணாடி வழியாகப் பிரேமாவதி தெரிந்தார். ஒரு கையில் பேனா, மேசையில் பாதி எழுதிய தாள். லோரி ஏறியதும் விசையைத் தட்டினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். திரையில் எடை அப்போதே வந்துவிட்டது. அவர் அது தெரியாமல், பழக்க தோஷத்தில், காத்துக்கொண்டிருந்தார்.

தயாநிதி இன்ஜினை அணைத்தார்.

கூண்டுக்குள் போனதும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பிரேமாவதி தாளைக் காட்டினார். மலாயில், அழகான எழுத்தில், தன் கை மந்தமாகிவிட்டது, பயிற்சிக்குப் போகத் தயார், தயவுசெய்து மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். தயாநிதி திரும்பி, சர்வர் அறைக்கு விறுவிறுவென்று நடந்தார். இரண்டே திருகாணி என்பதால் மூடியைக் கழற்ற நேரம் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது கையில் அந்த நோட்டுத் தாள் இருந்தது. உரித்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. அதைப் பிரேமாவதியின் முன்னால் வைத்தார்.

பிரேமாவதி படித்தார். இரண்டாவது முறை படித்தார். அடுத்த லோரி ஏறி ஹோர்ன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

"ரெண்டு மாசமாண்ணே" என்றார். "லோரிக்காரன்லாம் மூஞ்சிக்கு நேரா கத்தினானுங்க. என் கையிலதான் கோளாறுன்னு நானே நம்பிட்டேன்."

"உன் கை இல்லம்மா. என் கை."

பிரேமாவதி பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தான் எழுதிய தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். தன் பேனாவை மேசையில் தயாநிதி பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு லோரியைக் கவனிக்கப் போனார்.

யாருக்கும் புரியக்கூடாது என்று எழுதிய அந்தத் தமிழ் வரிகளுக்குக் கீழே தயாநிதி மலாயில் எழுத ஆரம்பித்தார். நின்றபடி, மேசைமேல் குனிந்து, கொட்டை எழுத்தில். என்ன செய்தேன், எந்தத் தேதியில் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன், அதனால் இரண்டு மாதமாக எடைமேடையில் யாருக்கு என்ன ஆனது. கடைசியில் தன் முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. நடுவில் இரண்டு கைப்பேசிகளும் மாறி மாறி அலறின. எடுக்கவில்லை. பிரேமாவதிக்கு வந்த கடிதத்தோடு அதைச் சேர்த்து ஸ்டேப்ளர் போட்டு, தானே கொண்டு போனார். நானும் கூடவே போனேன்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மேலாளர் அறையில் என்சிக் ரஷிட் இல்லை. கொதிகலன் பக்கம் போயிருக்கிறார், வர நேரமாகும், மேசையில் வைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் பார்ப்பார் என்றார் வெளியே இருந்த பெண். தயாநிதி தாளை மேசையில் வைத்தார். விசிறிக் காற்றில் அது படபடத்தது. விரலிலிருந்து காடிச் சாவியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.